தலைக்குள் இருப்பதை விற்பது எப்படி? வெள்ளவத்தை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்துக்கொண்டு டிசைன், மொழிபெயர்ப்பு வேலைகள் செய்கிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் அதே அறை வகுப்பறையாகிவிடும். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். அவர்களைக் கூட்டிப்போக வரும் தாய் தகப்பன்மாரும் வாசலில் நின்றபடி இரண்டு கேள்வி கேட்காமல் போவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். பொருளாதாரம் நான் பட்டம் வாங்கிய பாடமல்ல. பதினேழு வருடமாக இந்தத் தொழிலில் சீவிக்கிறேன், அவ்வளவுதான் தகுதி.

அறிவுப் பொருளாதாரம், அறிவுப் பொருளாதாரம் என்கிறார்களே மிஸ், அது என்ன?

கொத்து ரொட்டியை வைத்துச் சொல்கிறேன். காலி வீதிக் கடையில் ஒரு பிளேட் கொத்தை நீங்கள் சாப்பிட்டுவிட்டால் அதை நான் சாப்பிட முடியாது. ஆனால் கொத்து போடும் முறையை நீங்கள் பார்த்துப் பழகிவிட்டீர்கள் என்பதற்காகக் கடைக்காரருக்கு அது மறந்துபோவதில்லை. இதே நேரத்தில் ரொரன்ரோவிலும் லண்டனிலும் யாரோ அதே முறையில் கொத்திக்கொண்டிருப்பார்கள். ரொட்டி ஒரு பொருள். முறை என்பது அறிவு. இரண்டும் சந்தையில் நடந்துகொள்ளும் விதமே வேறு. பொருளைவிட அறிவை வைத்து உழைப்பதைத்தான் அறிவுப் பொருளாதாரம் என்கிறார்கள்.

போல் ரோமர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1990இல் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் நாடுகள் எப்படி வளர்கின்றன என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரு இயந்திரத்தை ஒருவர் பாவிக்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். யோசனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஒருமுறை கண்டுபிடித்ததை எத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாவிக்கலாம், அதனால் வளர்ச்சி ஓரிடத்தில் முட்டி நிற்கத் தேவையில்லை என்றார். 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஆட்கள் "கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம்" என்று கல்வியைப் பற்றி எப்போதோ சொல்லிவிட்டார்கள். அந்தச் செல்வத்தை வைத்து வாடகை கட்டுவது எப்படி என்றுதான் சொல்லவில்லை.

குறையாத செல்வம் என்றால் ஏன் கையில் காசு நிற்பதில்லை?

குறையாது என்பதாலேயே நிற்பதில்லை. ஒரு கலியாண அழைப்பிதழை டிசைன் செய்ய எனக்கு மூன்று நாள் போகும். அதைப் பிரதி எடுக்க ஒரு வினாடி போதும். முழுச் செலவும் முதல் பிரதியில் விழுந்துவிடுகிறது, இரண்டாவதற்குச் சதமும் செலவில்லை. போட்டி என்று வந்தால் விலை அந்த இரண்டாவது பிரதியின் செலவை நோக்கித்தான் சறுக்கும்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கடைக்கு மயில் படத்தோடு லோகோ செய்தேன். மாதிரி காட்டுகிறேன் என்று முழுக் கோப்பையுமே அனுப்பிவிட்டேன். "எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை" என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து 100ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன், கடையின் பெயர்ப்பலகையில் என் மயில். தோகையின் நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள், அதுவும் அசிங்கமாக.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. அறிவை வைத்துச் சம்பாதிப்பவர்களைப் பாருங்கள், ஒவ்வொருவரும் அதைப் பிரதி எடுக்க முடியாத ஏதாவது ஒன்றோடு கட்டி வைத்திருப்பார்கள். சிலருக்கு அது சட்டம், சிலருக்குப் பெயர், சிலருக்குக் கைப்பழக்கம், சிலருக்கு ஊர் நம்பிக்கை. கட்டி வைக்காதவர்களுக்குப் பாராட்டு மட்டும் கிடைக்கும். கீழே உள்ள பதில்களெல்லாம் ஏறக்குறைய இதைப் பற்றித்தான்.

யோசனையைத் திருடினால் வழக்குப் போடலாமா?

வெறும் யோசனைக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். யோசனை, முறை, கருத்து, கண்டுபிடிப்பு, வெறும் தரவு எதற்கும் பதிப்புரிமை கிடையாது என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் எழுதிய வரி, கீறிய படம், அமைத்த இசை, எழுதிய கணினி நிரல் ஆகியவற்றுக்கு உண்டு. "வெள்ளவத்தைக் கடற்கரையைப் பற்றி ஒரு வீடியோ எடுக்கலாம்" என்று நண்பரிடம் சொன்னீர்கள், அவர் எடுத்துவிட்டார் என்றால் கோபிக்கலாம், வழக்குப் போட முடியாது.

பதிப்புரிமைக்கு எங்கும் பதியத் தேவையில்லை, படைத்த கணமே உரிமை வந்துவிடும். எழுதியவரின் ஆயுள்காலமும், அவர் இறந்தபின் 70 வருடமும் அது இருக்கும். ஆக்கவுரிமை (புதிய கண்டுபிடிப்புக்கான பேடன்ட்), வியாபாரக் குறி (கடைப் பெயர், லோகோ), கைத்தொழில் டிசைன் மூன்றையும்தான் பதிய வேண்டும். அதற்கு கொழும்பு 10இல் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. ஆக்கவுரிமை 20 வருடம். வியாபாரக் குறி 10 வருடம், ஆனால் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். கண்டுபிடித்தவருக்கு 20 வருடத்தோடு சரி. பெயர் வைத்தவருக்கு முடிவே இல்லை. நியாயமா என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. ஆனால் கடை திறக்கும் யாரையும் முதலில் பெயரைப் பதியச் சொல்வேன்.

கம்பனியில் வேலை செய்யும்போது நான் செய்த டிசைன் யாருக்குச் சொந்தம்?

வேலையின் பகுதியாகச் செய்தது என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரைக்கும், அதை வைத்துச் சம்பாதிக்கும் உரிமை வேலை கொடுத்தவருக்குத்தான். பிள்ளைகள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஆனால் மாதச் சம்பளம் என்பதே அதற்கு வாங்கிய விலைதான். நாலு மாதம் ஒன்றும் உருப்படியாகச் செய்யாவிட்டாலும் சம்பளம் வருகிறதே, அதையும் கணக்கில் சேருங்கள்.

தனியாக ஓடர் எடுத்துச் செய்பவர்கள் கட்டாயம் எழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எங்கே பாவிக்கலாம், எத்தனை காலத்துக்கு, மூலக் கோப்பும் சேர்த்தா என்று மூன்று வரி எழுதினால் போதும். படைத்தவரின் பெயரைப் போடும்படி கேட்கும் உரிமை வேறொரு கணக்கு. காசு உரிமையை விற்ற பிறகும் அது உங்களிடம் இருக்கும்.

படைப்பாற்றல் என்றால் படம் கீறுவது, பாட்டுப் பாடுவதுதானே?

இல்லை. செட்டியார் தெருவில் தாலிக்கொடி செய்யும் ஆசாரியிடம் பற்றவைக்கும்போது எந்தச் சூட்டில் நிறுத்துவது என்று கேட்டுப்பாருங்கள். "நிறத்தைப் பார்த்தால் தெரியும்" என்பார். எந்த நிறம்? "அது பார்க்கப் பார்க்க வரும்." அவர் ஒளிக்கவில்லை, அவருக்கே சொல்லில் கொண்டுவர முடியவில்லை. மனிதனுக்கு வாயால் சொல்ல முடிவதைவிடக் கூடுதலாகத் தெரியும் என்று மைக்கேல் போலனி என்ற அறிஞர் 1960களில் இதைத்தான் விளக்கினார். சித்திரமும் கைப்பழக்கம் என்ற நம் பழைய வரியும் இதே இடத்தைத் தொடுகிறது.

புத்தகத்தில் எழுத முடிந்த அறிவு விமானத்தைவிட வேகமாகப் பறக்கும், விலையும் இறங்கும். கைக்குள் இருக்கும் அறிவு ஆளோடுதான் போகும், ஆளோடுதான் வரும்.

கறுவாவைப் பாருங்கள். சீனாவிலும் வியட்நாமிலும் வரும் தடித்த பட்டை விலை குறைவு. நம்முடைய கறுவாவை மெல்லிய தாள் மாதிரி உரித்து, ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி, நீளக் குச்சியாக்குவது பரம்பரையாகப் பழகிய கை. அந்தக் கையும் மரமும் நூற்றாண்டுகளாக இங்கேதான் இருந்தன. ஆனால் 'சிலோன் சினமன்' என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீடாக, அதாவது அந்த இடத்துப் பொருளுக்கு மட்டுமே உரிய பெயராக, பதிந்துகொண்டது 2022 பெப்ரவரியில்தான். இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அப்படிக் கிடைத்த முதல் பதிவு அது. கையால் உரித்தவரின் அறிவைக் கடைசியில் சட்டத்தோடு கட்டினோம், கொஞ்சம் பிந்தித்தான்.

கலைஞர்கள் மட்டும் ஏன் எப்போதும் கஷ்டப்படுகிறார்கள்?

பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை அரை மணி நேரம் வாசிக்கிறார் என்று வையுங்கள். நூறு வருடத்துக்கு முன்பும் அதற்கு அரை மணி நேரம்தான். இதற்கிடையில் கட்டுநாயக்கத் தொழிற்சாலையில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் தைக்கும் அளவு எத்தனையோ மடங்கு கூடிவிட்டது. அங்கே சம்பளம் ஏறும்போது நாதஸ்வரக்காரருக்கும் ஏற்றிக் கொடுத்தால்தான் அவர் இந்தத் தொழிலில் நிற்பார். ஆகவே அதே அரை மணி நேரம் வருடா வருடம் விலை கூடியதாகத் தெரிகிறது, தர்மகர்த்தாக்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான். வில்லியம் போமோல், வில்லியம் போவன் என்ற இருவர் 1966இல் நாடகக் குழுக்களையும் இசைக் குழுக்களையும் ஆராய்ந்து இந்த விளக்கத்தைக் கொடுத்தார்கள். ஆசிரியர், தாதி, நாதஸ்வரக்காரர் எல்லோருக்கும் பொருந்தும். ஆகவே மகன் தவில் பழகுகிறான் என்று கவலைப்படும் அப்பாவுக்கு நான் சொல்வது: அவனுக்குத் திறமை போதாது என்று நினைக்காதீர்கள், கணக்கே அப்படி.

கொழும்பு எப்போதாவது இப்படிப் படைப்பை விற்றுச் சம்பாதித்திருக்கிறதா?

இது எனக்குப் பிடித்த கேள்வி.

1952இல் இந்தியாவின் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளுக்குக் கதவைச் சாத்தியது. தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தையே நம்பியவர். பாட்டுக்கு ஏங்கிய இந்திய நேயர்கள் ரேடியோப் பெட்டியின் முள்ளைத் திருகிக் கொழும்புக்கு வந்தார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டி நேச நாட்டுப் படைகளுக்காக இங்கே அமைத்த சக்திவாய்ந்த ஒலிபரப்பி ரேடியோ சிலோனின் (இலங்கை வானொலியின்) கையில் இருந்தது, அதன் வர்த்தக சேவை இந்தியாவெங்கும் கேட்டது. ஒரு பற்பசைக் கம்பனியின் செலவில் நடந்த 'பினாகா கீத்மாலா' என்ற இந்தி நிகழ்ச்சியை அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில் பதிவு செய்வார். நாடா விமானத்தில் கொழும்புக்கு வரும், இங்கிருந்து காற்றில் திரும்பிப் போகும். பாட்டு அவர்களுடையது, கேட்பவர் அவர்கள், விளம்பரக் காசு மட்டும் இங்கே.

தமிழ்ச் சேவையின் கதை இன்னும் நெருக்கமானது. அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசினால் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் ஆட்கள் நின்று கேட்டார்கள். அவர்கள் ஒலிபரப்பிய பாட்டுகளில் பெரும்பாலானவை சென்னையில் உருவானவை. கொழும்பு சேர்த்தது குரலும், உச்சரிப்பும், ஒழுங்கும். அதைத்தான் சென்னையால் பிரதி எடுக்க முடியவில்லை.

இந்தியா சும்மா இருக்கவில்லை. 1957இல் விவித் பாரதி என்ற பொழுதுபோக்கு வானொலிச் சேவையைத் தொடங்கியது, 1967இல் அதிலும் விளம்பரம் வந்தது. சட்டமோ ஒப்பந்தமோ எதுவும் நமக்கு அந்தச் சந்தையைக் காப்பாற்றித் தரவில்லை. பக்கத்து நாட்டின் ஒரு தீர்மானத்தால் கிடைத்தது, இன்னொரு தீர்மானத்தால் மெல்லக் கரைந்தது.

இப்போது? கொழும்பில் அப்படி யார் இருக்கிறார்கள்?

இரண்டு பேரைச் சொல்வேன். இருவரும் எதிர் எதிர் வழியில் போனவர்கள்.

மிலேனியம் ஐடி 1996இல் தொடங்கிய கம்பனி, கொழும்புக்கு வெளியே மாலபேயில் இருந்தது. பங்குச் சந்தைகளை இயக்கும் மென்பொருள் எழுதினார்கள். லண்டன் பங்குச் சந்தை 2009இல் ஏறத்தாழ 3 கோடி டொலருக்குக் கம்பனியையே வாங்கிவிட்டது. 2011 பெப்ரவரியில் லண்டன் சந்தையின் வியாபாரம் அந்த மென்பொருளுக்கு மாறியது. பெருமைதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த அறிவு சம்பாதித்ததெல்லாம் வாங்கியவருடைய கணக்கில்.

டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் கம்பனி 2005இல் தொடங்கியது. அவர்கள் எழுதிய நிரலை எல்லோரும் பார்க்கவும் பாவிக்கவும் திறந்தே வைத்தார்கள். என் வகுப்பில் இதைச் சொன்னால் "அப்போ காசு எங்கிருந்து மிஸ்?" என்று உடனே கேட்பார்கள். நிரல் இலவசம். அது நள்ளிரவில் பழுதானால் யார் வந்து திருத்துவது? வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் அந்த உத்தரவாதத்துக்குத்தான் காசு கட்டின. 2024இல் ஈக்யூடி என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனம் அதை வாங்க ஒப்பந்தம் செய்தபோது மதிப்பு 60 கோடி டொலருக்கும் மேல். பிரதி எடுக்கக்கூடியதைக் கொடுத்துவிட்டு, எடுக்க முடியாததை விற்றார்கள்.

இதெல்லாம் விதிவிலக்கு என்பதையும் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். தென்கொரியா 5 சதவீதத்தை நெருங்குகிறது.

பட்டம் கட்டாயமா?

கையைப் பொறுத்த வேலைக்கு இல்லை. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் வேண்டும், விசாக் கந்தோரில் உங்கள் கையை யாரும் பார்க்க மாட்டார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பிஐடி (தகவல் தொழில்நுட்ப) பட்டத்தை வேலை செய்துகொண்டே படித்த பலரை எனக்குத் தெரியும்.

வெளிநாட்டு ஓடர் எடுத்து டொலரில் உழைக்கலாமா? வரி உண்டா?

உழைக்கலாம். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்குப் போனபோது, டொலரில் வாங்கியவர்கள் மட்டும்தான் ஓரளவு நிம்மதியாக மூச்சு விட்டார்கள். கரண்ட் வெட்டு இல்லாத நேரத்தில் வேலையை முடிக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

வரி உண்டு. முன்பு இந்த வருமானத்துக்கு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவருக்குச் சேவை செய்து வங்கி வழியாக வெளிநாட்டு நாணயத்தில் வரும் வருமானத்துக்கும் வரி, கூடியது 15 சதவீதம். வருடத்தில் முதல் 18 இலட்சத்துக்கு வரி இல்லை. ஆகவே தொடங்கும் பிள்ளைகள் பலருக்குக் கட்ட ஒன்றும் இராது, ஆனாலும் வரி இலக்கம் எடுத்துக் கணக்கை எழுதி வையுங்கள்.

தாய்மார் கேட்க மறக்கும் கேள்வி ஒன்றும் இருக்கிறது. கம்பனி வேலையில் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் போகும், முதலாளி 12 சதவீதம் போடுவார், நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 சதவீதம். தனியாக உழைத்தால் அந்த 15 சதவீதத்தைப் போட யாரும் இல்லை. டொலர் கணக்கைச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது இதைக் கழித்துப் பாருங்கள்.

ஏஐ வந்துவிட்டதே, இனி மொழிபெயர்ப்பு, டிசைன் எல்லாம் முடிந்ததா?

சில வேலைகள் முடிந்துவிட்டன. பிறந்தநாள் பேனர் ஓடர் எனக்கு வருவது நின்றுபோயிற்று. பொதுவான ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கும் வேலைக்கும் விலை விழுந்துவிட்டது. பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன்.

மிச்சம் இருப்பது என்ன என்று பாருங்கள். போன மாதம் இயந்திரம் மொழிபெயர்த்த ஒரு கடிதத்தைத் திருத்தக் கொண்டுவந்தார்கள். பிரதேச செயலகம் "கோட்டச் செயலகம்" ஆகியிருந்தது, கிராம உத்தியோகத்தர் "கிராம அதிகாரி" ஆகியிருந்தார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்த நாட்டுக் கந்தோரில் கொடுக்கக்கூடிய கடிதம் அல்ல. இணையத்தில் கிடக்கும் தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். நம்முடையது குறைவு, இயந்திரம் கண்டதைத்தானே கற்கும்.

இன்னொன்று பொறுப்பு. பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கையெழுத்துப் போடும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மக்கள் வாங்குவது வெறும் சொற்களை அல்ல, பிழைத்தால் யாரைப் பிடிப்பது என்பதற்கான ஒரு பெயரை. இந்த ஊரில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகத் தெரிந்தவருக்கு இன்றும் வேலை இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது சிங்களத்தை எழுதப் படிக்கப் பழகச் சொல்லித்தான். முதலில் முணுமுணுப்பார்கள்.

தெரிந்ததை இலவசமாகக் கொடுத்தால் நாம் நட்டப்பட மாட்டோமா?

எல்லாவற்றையும் விலைக்கு வைக்க முடியாது. கல்வி வெந்தணலில் வேகாது என்பார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் வெந்தன. ஒரே பிரதியாக இருந்தவை போனது போனதுதான். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்ற இணையத்தளம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து யாரும் படிக்கும்படி வைக்கிறது. இலகுவாகப் பிரதி எடுக்கலாம் என்பது என் லோகோவுக்குச் சாபம், அந்தப் புத்தகங்களுக்கு அதுவே காவல்.

நானும் வகுப்புக்குக் காசு வாங்குவதில்லை. அதற்காக லோகோவை இலவசமாகச் செய்து தரக் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று மிஸ், முதல் ஓடருக்கு எவ்வளவு கேட்பது?

எத்தனை மணி நேரம் போகும் என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள், அதோடு பாதியைக் கூட்டுங்கள், ஏனென்றால் திருத்தச் சொல்லி மூன்று தடவை திரும்பி வரும். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அன்ரி என்றாலும் விலையைச் சொல்லிவிட்டுப் பிறகு குறையுங்கள். சொல்லாமல் குறைத்தால் அதுதான் உங்கள் விலை என்று ஊர் முழுக்கப் போய்விடும். பாதியை முற்பணமாக வாங்குங்கள். மாதிரியை அனுப்பும்போது சிறிய அளவில், குறுக்கே உங்கள் பெயரைப் போட்டு அனுப்புங்கள். அந்த மயில் இன்னும் அங்கேதான் தொங்குகிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள், கடைப் பெயரை மட்டும் நான் சொல்ல மாட்டேன்.